காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

லீவு லெட்டர் எழுதுவது ஒரு கலை. அதில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. 'கடுமையான காய்ச்சல் காரணமாக' என்று ஆரம்பித்துவிட்டால் போதும். மீதியைப் பேனாவே எழுதிக்கொள்ளும். காலேஜ் மாணவ மாணவிகளுக்கு லெட்டரில் வருகிற காய்ச்சல் எல்லாம் நிஜமாகவே வந்தால், ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளில் கட்டில் போதாது!

போன செமஸ்டரில் ஒரே மாதத்தில் எனக்கு மூன்று தடவை இப்படிக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது தடவை, எங்கள் ஹாஸ்டல் வார்டன் அம்மாள் லெட்டரை வாங்கிக்கொண்டு சும்மா போகவில்லை. கையோடு தெர்மாமீட்டரும் கொண்டு வந்திருந்தார். வாயில் வைத்துப் பார்த்தார். 98.4! அசல் ஆரோக்கியசாலியின் உஷ்ணம்.

அகப்பட்டுக்கொண்டவள் அசட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டுமல்லவா? சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புக்குப் பதில் அழுகை வந்தது. எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வார்டன் அம்மாள் கட்டிலில் உட்கார்ந்தார். "காய்ச்சல் இல்லை. ஆனால் உடம்பு சரியில்லை என்று நீ எழுதினது பொய்யில்லை போலிருக்கிறதே! ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஞாபகமில்லை.

எல்லாம் ஒரு சின்னப் பரீட்சையில் ஆரம்பித்தது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மாணவியாக இருந்தவள் நான். திருச்சிக்கு வந்து, இரண்டாம் வருஷத்தில், முதல் முறையாக ஒரு பேப்பரில் கோட்டை விட்டேன். அதைச் சரிக்கட்ட இரவெல்லாம் கண் விழித்தேன். கண் விழிக்க டீ. டீ குடித்ததால் தூக்கமில்லை. தூக்கம் வராததால் கையில் செல்போன். அதில் உலகமே சந்தோஷமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். நான் ஒருத்திதான் உதவாக்கரை என்று தோன்றும். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் மூடினால், எட்டு மணிக்கு மணியடிக்கும்போது எழுந்திருக்க முடியாது. மெஸ்ஸுக்குப் போகப் பிடிக்காது. சிநேகிதிகளைக் கண்டால் ஒளிந்துகொள்ளத் தோன்றும். லீவு லெட்டர்!

மறுநாள் வார்டன் அம்மாளே என்னை எங்கள் காலேஜின் மனநல ஆலோசகரிடம் அழைத்துக்கொண்டு போனார். ஏதோ பெரிய உபதேசம் நடக்கப் போகிறது என்று நினைத்தேன். அந்த அம்மாள் உபதேசமே செய்யவில்லை. கேள்விதான் கேட்டார். எத்தனை நாளாக? எத்தனை மணி நேரத் தூக்கம்? முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா? உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றியதுண்டா? கடைசிக் கேள்வியை அவர், 'காபியா, டீயா?' என்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். அதனால்தான் என்னாலும் ஒளிக்காமல் பதில் சொல்ல முடிந்தது.

பிறகு சொன்னார்: "துக்கம் எல்லாருக்கும் வரும், இரண்டு மூன்று நாளில் கரையும். ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து, நாள் முழுக்க மனசு இருண்டு கிடந்தால், தூக்கமும் பசியும் ஓடிப்போனால், அது சோம்பேறித்தனமும் அல்ல, திமிரும் அல்ல. வைத்தியம் உள்ள ஒரு கோளாறு."

எனக்கு நடந்து முடிந்திருந்தது ஐந்து வாரம்!

என்னை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும், ரத்த சோகை இருந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம். அதெல்லாம் சரியாக இருந்தது. 'இப்போதைக்கு மருந்து வேண்டாம், வாரா வாரம் ஆலோசகரிடம் பேசு, தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம்' என்றார். மருந்து சாப்பிட வேண்டியவர்கள் கூசாமல் சாப்பிட வேண்டும் என்றும், தாங்களாக நிறுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதுவரை சுலபம். கஷ்டமான கட்டம் இனிமேல்தான்: வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே!

போனில் அம்மாவிடம் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அடி பாவி! இதையெல்லாம் யார்கிட்டேயும் சொல்லிப் புடாதே. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது ஊர் என்ன பேசும்? நீ வந்துடு. கோயிலுக்குப் போய் மந்திரிச்சுக்கிட்டு வரலாம்" என்றாள் அம்மா. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் குரல் நடுங்கிற்று.

அப்போதுதான் போனை யாரோ பிடுங்குகிற சத்தம் கேட்டது. எங்கள் அப்பத்தா! வயது எண்பத்திரண்டு. அரை குறையாகக் காது கேட்கும். ஆனால் கேட்கக் கூடாததெல்லாம் நன்றாகக் கேட்கும்.

"தாயி, எனக்கு ஒரு தம்பி இருந்தான், தெரியுமா?" என்றாள்.

தெரியாது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவர் பேரைச் சொன்னதில்லை.

"நல்லா படிச்ச பய. உன் வயசிலேதான், ராத்திரி தூங்காம, சோறு திங்காம, சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். வெளியே தெரிஞ்சா கேவலம்னு எங்க அய்யா உள் ரூமிலே வச்சுப் பூட்டிட்டாரு. எனக்குக் கல்யாணம் ஆகணுமே, அதுக்காக! எனக்குக் கல்யாணம் ஆச்சு. அவன் ஒரு நாள் எங்கேயோ போனவன் திரும்பலே. நீ டாக்டர்கிட்டேயே போ. ஊரு பேசினா என்கிட்டே வந்து பேசட்டும்!"

அன்று ராத்திரி முதல் பஸ்ஸில் அம்மா புறப்பட்டு வந்தாள், கையில் முறுக்கு டப்பாவோடு. ஆலோசகர் அம்மாளிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "இது வெளியே தெரியுமா?" என்பதுதான். அதற்குப் பதில் இருந்தது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை பெறுகிறவரின் விஷயத்தை ரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் கடமை. இன்ஷூரன்ஸிலும் உடல் நோய்க்குள்ள இடம் மன நோய்க்கும் உண்டு. அம்மாவுக்குப் பாதி மூச்சு வந்தது.

மீதி மூச்சு, டாக்டர் சாரதா மேனனைப் பற்றிக் கேட்டபோது வந்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் பல வருஷம் தலைமை வகித்தவர்; நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்றவர்; 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பை ஏற்படுத்தியவர்; 2021-ல் காலமானார். "ஒரு பொம்பளை இதுக்காகவே வாழ்ந்திருக்காங்களா!" என்று ஆச்சரியப்பட்டாள் அம்மா.

இப்போது என் தினசரி வாழ்க்கையைக் கேட்கிறீர்களா? பிரமாதமாக ஒன்றுமில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ கிடையாது. டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகுமாம். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி விழித்துக்கொண்டிருக்கும்! செல்போன் இரவு பத்து மணிக்குச் சிநேகிதியின் அலமாரிக்குள் படுத்துக்கொள்கிறது. என் வயதுக்காரர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். ஏழு எனக்குக் கிடைக்கிறது. காலையில் மொட்டை மாடியில் அரை மணி நடக்கிறேன். தூரத்தில் மலைக்கோட்டை மேல் வெயில் ஏறுகிறதைப் பார்க்கலாம். மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. அந்தச் சாம்பாரைச் சாப்பிடுகிறவளுக்கு மனோதைரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நடையும் தூக்கமும் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பேச ஓர் ஆள் கிடைத்த பிறகுதான் எனக்கு நடக்கவே தெம்பு வந்தது. பேச ஆளே இல்லை என்று நினைப்பவர்களுக்கு, 2022 அக்டோபரில் அரசாங்கம் ஆரம்பித்த 'டெலி மானஸ்' இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இன்னமும் சில நாட்கள் இருட்டாகத்தான் விடிகின்றன. போன மாதம் அப்படி ஒரு நாள். லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் 'கடுமையான' என்று எழுதியாகிவிட்டது. அடித்துவிட்டு, 'மனசு சரியில்லாததால், ஆலோசகரைப் பார்க்க அரை நாள் விடுமுறை வேண்டுகிறேன்' என்று எழுதினேன்.

வார்டன் அம்மாள் படித்தார். தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பத்தாவின் தம்பியிடம் அன்றைக்கு அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால்? போகட்டும். அவர் பேர் முத்தையா. இனி எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லுவோம்.