மீன் கூடையும் பிக் ஃபோர் விண்ணப்பமும்

பி.காம். மூன்றாம் வருடம் வந்துவிட்டால் வகுப்பில் ஒரு காய்ச்சல் பரவும். அதன் பெயர் 'பிக் ஃபோர்'. டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி. ஒரு காலத்தில் இது ஐந்தாக இருந்தது. என்ரான் ஊழலில் சிக்கி 2002-ல் ஆர்தர் ஆண்டர்சன் கவிழ்ந்த பிறகு நான்கானது. கேன்டீனில் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பேச்சு நடக்கும்... யாருக்கு ஆன்லைன் டெஸ்ட் லிங்க் வந்தது, யாருக்கு வரவில்லை என்று.

இந்தப் பேச்சில் அதிகம் கேட்காத குரல் ஒன்று உண்டு. மெரினா கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, லூப் ரோட்டை ஒட்டி, கடலைப் பார்த்தபடி இருக்கிறது நொச்சிக்குப்பம். மீனவர் குப்பம். வடக்கே கடற்கரைச் சாலையில் ராணி மேரி கல்லூரி, மேற்கே மயிலாப்பூரில் விவேகானந்தா கல்லூரி. ஆகக் கல்லூரி தூரமில்லை. அந்த நான்கு கம்பெனிகள்தான் தூரம். ஏன்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிக் ஃபோருக்குள் போக இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று ஆடிட். வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் நேரடியாக ஆடிட் செய்ய முடியாது. அதனால் அவற்றின் வலையமைப்பில் உள்ள இந்திய சி.ஏ. நிறுவனங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கேபிஎம்ஜிக்கு பி.எஸ்.ஆர்., ஈஒய்க்கு எஸ்.ஆர்.பாட்லிபாய் என்று. இங்கே கையெழுத்துப் போட சி.ஏ. முடித்திருக்க வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டுக் கிளைகளுக்காக இங்கிருந்தபடி வரிக் கணக்கும் ஆடிட் உதவி வேலையும் செய்யும் மையங்கள். இதற்கு பி.காம். போதும். கேம்பஸ் இன்டர்வியூ என்று கல்லூரிக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கதவுதான்.

அந்தக் கதவு எல்லாக் கல்லூரி வாசலிலும் வந்து நிற்பதில்லை. சில கல்லூரிகளுக்குத்தான் வரும். வராத இடத்தில் இருப்பவர் இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அதில் எப்படியும் ஒரு கேள்வி இருக்கும்: நீங்கள் தலைமையேற்று நடத்திய ஒரு காரியத்தை விவரிக்கவும். கல்சுரல்ஸ் நடத்தியவர், காமர்ஸ் கிளப் செயலாளர் எல்லாரும் கடகடவென்று எழுதிவிடுவார்கள். குப்பத்துப் பெண் என்ன எழுதுவாள்?

எழுத அவளுக்கு நிறையவே இருக்கிறது. அதை ரெஸ்யூமில் எழுதலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். விடிவதற்கு முன் அம்மா காசிமேட்டு ஏலத்தில் எடுத்த மீனின் விலை, ஐஸ், ஆட்டோ வாடகை, தண்டல்காரருக்குக் கட்டவேண்டிய தவணை, கடன் சொல்லிப் போனவர்கள் பெயர், சாயந்திரம் கையில் மிஞ்சியது. இந்தக் கணக்கை எழுதுவது படித்த பிள்ளைதான். போட்டில் போய் வந்தால் டீசல், ஐஸ், பேட்டா கழித்து, மிச்சத்தைப் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். பாடப்புத்தகம் இதற்கு 'பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது.

"மீன் கணக்கு எழுதினால் ஆடிட்டர் ஆகிவிட முடியுமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முடியாதுதான். கம்பெனிச் சட்டம், கணக்கியல் தரநிலைகள், ஜி.எஸ்.டி. எல்லாம் படித்தே ஆகவேண்டும். ஆனால் அவற்றைக் கல்சுரல்ஸ் நடத்தியவரும் இனிமேல்தான் படிக்கப் போகிறார். சொல்லித் தர முடியாத ஒரு குணம் இருக்கிறது: எண்ணிப் பார்க்காமல் நம்பாத குணம்.

சத்யம் கதை ஞாபகம் இருக்கிறதா? 2009 ஜனவரி 7-ம் தேதி ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆடிட் செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். வங்கியிடமிருந்து இருப்பு உறுதிக் கடிதத்தை நேரடியாகப் பெறுவதைச் சரியாகச் செய்யவில்லை என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் 2011-ல் சுட்டிக்காட்டின. ஆங்கிலத்துக்கும் தலைமைப் பண்புக்கும் அங்கே என்ன குறைச்சல்? லூப் ரோட்டில் மீன் விற்கும் அம்மா ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுத்தாலும் இரண்டு முறை எண்ணித்தான் கொடுப்பார்.

இதே கம்பெனிகள் லண்டனில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். பட்டப்படிப்பில் இவ்வளவு கிரேடு வேண்டும் என்ற நிபந்தனையை ஈஒய் 2015-ல் அங்கே எடுத்துவிட்டது. பிடபிள்யூசி 2022-ல் எடுத்தது. கேபிஎம்ஜி இன்னும் ஒரு படி மேலே போய், 2030-க்குள் தன் பார்ட்னர்கள், டைரக்டர்களில் 29 சதவீதம் பேர் உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்று 2021-ல் இலக்கு வைத்தது. அப்பா அம்மா என்ன வேலை பார்த்தார்கள் என்று அங்கே கேட்கிறார்கள், ஒதுக்குவதற்கு அல்ல, சேர்ப்பதற்கு. லண்டனில் முடிந்தது சாந்தோமில் ஏன் முடியாது? குறைந்தபட்சம் முதல் சுற்றிலாவது கல்லூரிப் பெயரை மறைத்துவிட்டுத் திருத்தலாமே.

சரி, சி.ஏ. கதவு? அது பார்க்க நியாயமான கதவு. 55 சதவீதம் எடுத்த பி.காம். பட்டதாரி ஃபவுண்டேஷன் எழுதாமலே இன்டருக்குப் பதியலாம். எந்தக் கல்லூரி என்று தேர்வுத்தாள் கேட்காது. 2023 ஜூலை முதல் ஆர்ட்டிகிள்ஷிப்பும் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கடினம். 2024 நவம்பர் ஃபைனலில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 13.44 சதவீதம்தான். அதைவிடக் கடினம், ஆர்ட்டிகிள்ஷிப்பில் கிடைக்கும் சொற்ப உதவித்தொகையில் இரண்டு வருடத்தை ஓட்டுவது. அனுமதி இல்லாமல் வேறு வேலைக்கும் போக முடியாது.

வசதியான வீட்டில் இது பொறுமைக்கு வந்த சோதனை. குப்பத்தில் இது சோற்றுக்கு வந்த சோதனை. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன் கடைகளை அகற்றியபோது மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில்தான் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறந்தது. அப்படி வருமானம் ஆடும் வீட்டில், "இரண்டு வருஷம் பொறுத்துக்கோம்மா" என்று எந்தப் பெண்ணால் சுலபமாகச் சொல்ல முடியும்? திறமை பற்றிப் பேசும் பெரிய கம்பெனிகள் முதலில் இந்த இரண்டு வருடத்துக்கு வழி செய்யட்டும். ஏழை வீட்டு ஆர்ட்டிகிள்களுக்கு வாழப் போதுமான தொகை கொடுப்பது அவர்களுக்கு ஒரு செலவே இல்லை.

கதவின் விதிகள் மாறாதவை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: ஆர்.சிவபோகம். ராணி மேரி கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் வேலூர் சிறைக்குப் போனவர். 1933-ல் கணக்கியல் டிப்ளமோ தேறி, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆனார். சிறை சென்றவர் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே நின்றபோது அதை எதிர்த்துப் போராடி ஜெயித்தார். பின்னாளில் சி.ஏ. கழகத்தின் தென்னிந்திய மண்டலத் தலைவராகவும் இருந்தார்.

அவர் படித்த கல்லூரியிலிருந்து நொச்சிக்குப்பத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆகவே அங்கே விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் தோழிக்கு ஒரு வார்த்தை... அந்தத் தலைமைப் பண்புக் கட்டத்தைக் காலியாக விடாதே. அம்மாவின் கணக்கு நோட்டை எழுது. அதைப் படித்தும் புரியவில்லை என்றால், தேர்வில் தோற்றது நீ இல்லை.