மூன்று மாதக் கணக்கு



புதிதாக ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் சந்தனப் பொட்டு வைப்பது நம்மவர் வழக்கம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அக்காவின் லயத்து வீட்டுக்கு 2025 ஜனவரி 20 ஆம் திகதி வந்த கணினிக்கும் அப்படித்தான் பொட்டு வைத்தோம். அக்காவின் மகள் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். கணினியின் விலை 185,000 ரூபா. அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு சதமும் செலவழிக்காமல் 137 நாள் பேர் போட்டாலும் 50 ரூபா குறையும். சீட்டுக் காசு பாதி, சங்கிலியை அடகு வைத்த காசு மீதி.

மூன்றாம் நாளே கோளாறு தொடங்கியது. இருபது நிமிடம் ஓடும், பிறகு தானாகவே அணைந்துவிடும். சில நேரம் திரை முழுவதும் நீலமாகி நிற்கும். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அக்கா நகரத்துக் கடைக்குப் போனார். விண்டோஸை மறுபடி போட்டுத் தந்தார்கள். ஒரு வாரத்தில் அதே கோளாறு. மறுபடி பஸ், மறுபடி விண்டோஸ். மூன்றாம் தடவை கடையிலிருந்த தம்பி, "எங்க பொருள்ல பிழை இல்ல அக்கா, உங்க லயத்துக் கரண்டு சரியில்ல" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் அக்கா வாயடைத்துப் போனார். "நம்ம வீட்டுக் குறைதான் போல தங்கச்சி" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்தது கோபமல்ல, வெட்கம். சகோதரிகளே, இன்று நான் பேச விரும்புவது அந்த வெட்கத்தைப் பற்றித்தான்.

கடைக்காரர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் மின்சாரம் 230 வோல்ட் அளவில் வர வேண்டும். பல லயங்களில் மாலை நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் எடுக்கும்போது பல்பு மங்குகிறது. பழைய வயரிங், ஆட்டம் காணும் பிளக், எர்த் இல்லாத இணைப்பு என்று குறைகள் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் வேறு. அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றி வைக்க வேண்டும். ஆகவே முதலில் நம் வீட்டைச் சோதிப்பதுதான் முறை.

சோதிக்கும் வழி எளிது. கணினியை நல்ல மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். நாங்கள் டவுனில் யூபிஎஸ் வைத்திருக்கும் உறவினர் வீட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். அங்கும் இருபது நிமிடத்தில் அணைந்தது. அடுத்ததாக, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னாலுள்ள பயோஸ் திரையிலேயே கணினியை நிறுத்தி வைத்துப் பார்த்தோம். அங்கேயும் அணைந்தது. விண்டோஸே ஓடாதபோதும் அணைகிறது என்றால், விண்டோஸை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. கோளாறு உள்ளேயிருக்கும் பாகத்தில்தான். பவர் சப்ளையாக இருக்கலாம், மதர்போர்ட்டாக இருக்கலாம், சூடு தணிக்கும் விசிறியாகவும் இருக்கலாம். ஆனால் பெட்டியை நாமே திறக்கக் கூடாது. உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்தால், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல இடமாகிவிடும்.

இப்படிச் சோதித்துப் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள் பெரிய கம்பெனிகளையே பணிய வைத்திருக்கிறார்கள். 1994 இல் அமெரிக்காவில் தோமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், புதிய பென்டியம் கணினி சில வகுத்தல் கணக்குகளில் பிழையான விடை தருவதைக் கண்டார். உடனே கம்பெனியைக் குறை சொல்லவில்லை. பிழை தன்னுடையதோ என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். மிஞ்சியது கணினியின் மூளையான சிப் மட்டுமே. அதைச் செய்த இன்டெல் நிறுவனம், தேவையை நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்று முதலில் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த ஆண்டு டிசம்பர் 20 ஆம் திகதி, கேட்கும் எவருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்காக 47 கோடியே 50 இலட்சம் டொலரைக் கணக்கில் ஒதுக்கியது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 இலும் அதே நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை சிப் உள்ள விலையுயர்ந்த கணினிகள் பல காரணமின்றி நின்றுபோயின. பாவித்தவர்கள் விளையாட்டு மென்பொருளில் பிழை, மதர்போர்ட்டில் பிழை என்று அலைந்தார்கள். கடைசியில் சிப்புக்கு அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் போவதே காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டியது. புதுப் பொருளிலும் பிழை இருக்கலாம், விலை கூடிய பொருளிலும் இருக்கலாம். அதற்கு லயத்தில் இருப்பவர் தலைகுனியத் தேவையில்லை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். எங்கள் கையில் ஒரு வருட உத்தரவாத அட்டை இருந்தது. "வருடம் முடிய நாளிருக்கிறதே" என்று நாங்களும், "அடுத்த வாரம் வாங்க அக்கா" என்று கடையும் நாட்களைக் கடத்தினோம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றதாகப் பொருள் இல்லையென்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரணையின் பின் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு கொடுக்கவோ அது உத்தரவிட முடியும். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள். மூன்று மாதம் கடந்தால் உத்தரவாத அட்டை செல்லாமல் போய்விடாது. ஆனால் வழக்கறிஞர் செலவில்லாத இந்தக் கதவு மூடிவிடும். எங்களுக்கு அந்த நாள் ஏப்ரல் 20. இதை அறிந்தபோது மார்ச் கடைசி வாரம்!

உடனே மகள் ஒரு கொப்பியை எடுத்தாள். எந்தத் திகதியில் எத்தனை தடவை அணைந்தது, எந்தத் திகதியில் கடைக்குப் போனோம், அவர்கள் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நினைவில் இருந்ததையெல்லாம் எழுதினாள். நீல நிறத் திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். மார்ச் 27 ஆம் திகதி கடை முதலாளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஏழு நாள் தவணை கொடுத்தோம். பதில் இல்லை. ஏப்ரல் 7 ஆம் திகதி அதிகார சபைக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாட்டை அனுப்பி, அதன் பிரதியைக் கடையிலும் கொடுத்தோம். சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரமே, விசாரணைக்கு முன்னால், கடையிலிருந்து அழைப்பு வந்தது. மதர்போர்ட்டை மாற்றித் தந்தார்கள். இன்றுவரை கணினி ஒழுங்காக ஓடுகிறது. அலைந்த நாட்களின் சம்பளமும், சங்கிலிக்கு ஏறிய வட்டியும் திரும்பி வரவில்லை. முதல் மாதமே எழுதியிருந்தால் அவையும் மிஞ்சியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவைதான். வாங்கும்போதே பொருளின் தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது கடையின் கடமை. உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இருக்கட்டும். திருத்தக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் திகதியும் கோளாறும் எழுதிய துண்டு இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பிள்ளையின் பாடக் கோப்புகளை முன்னதாகவே பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். முறைப்பாட்டில் மூலச் சீட்டுகளை அனுப்பாமல் போட்டோப் பிரதிகளையே இணையுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்பு நமக்குத் தந்திருக்கும் உரிமை. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் பேசியதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள்.

கணினி மட்டுமல்ல, குளிர்சாதனப் பெட்டி, தையல் மெஷின், கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இன்றே வீட்டுக் கலண்டரை எடுங்கள். அண்மையில் வாங்கிய பொருளின் திகதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணி, அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். பொருளுக்குப் பொட்டு வைக்கும் கையாலேயே கலண்டரிலும் ஒரு வட்டம் போடுவோம். கொழுந்துக் கூடை சுமந்து தேடிய காசு அது. அதற்குக் கணக்குக் கேட்பதில் நமக்கு வெட்கம் வேண்டாம்.