மடிசஞ்சி அரசியல்

வோட்டுச் சீட்டில் அந்த அம்மாளின் பெயர் அச்சாகவில்லை. சொந்தக் கட்சியே அவரைக் கைகழுவிவிட்டது. தேர்தலுக்கு இருந்ததோ ஆறரை வாரந்தான். அப்படியும் அவர் ஜயித்துவிட்டார்!

"இது என்ன, விட்டலாசாரியா படமா?" என்று கேட்காதீர்கள். 2010-ஆம் வருஷம் அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், அலாஸ்கா ராஜ்யத்தில், நிஜமாகவே நடந்த சமாசாரம் இது. அம்மாளின் பெயர் லிஸா முர்கௌஸ்கி. அமெரிக்க ஸெனட் சபையில் இன்றைக்கும் அங்கத்தினராக இருக்கிறார். அவர் அன்று தேர்தலில் குதித்தது சரியா, தப்பா என்று அங்கே இன்னும் சர்ச்சை ஓயவில்லை. சரிதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டு விஷயம் ஒன்று. மடிசஞ்சிப் பாட்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடியில் உலர்ந்த புடவையின் நுனியைக் குழந்தை தொட்டுவிட்டால், பாட்டி அதை மறுபடியும் தோய்த்துத்தான் கட்டிக் கொள்வார். அவரிடம் நமக்குப் பிரியம் உண்டு; மரியாதையும் உண்டு. ஆனால் சமையலறையை முழுக்க அவரிடம் ஒப்படைத்துவிட்டால் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளை பட்டினிதான் போகும். அரசியலிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கொள்கையில் ஓர் இழை பிசகினாலும் தீட்டு என்பார்கள். எதிர்க் கட்சிக்காரரோடு கை குலுக்கினால் ஸ்நானம் செய்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்!

அலாஸ்காவில் அப்படித்தான் ஆயிற்று. அமெரிக்காவில் கட்சியின் அபேட்சகர் யார் என்பதையே ஒரு முதற்கட்டத் தேர்தல் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். 2010 ஆகஸ்டு 24-ஆம் தேதி ரிபப்ளிகன் கட்சியின் முதற்கட்டத் தேர்தல் நடந்தது. ஏற்கெனவே ஸெனட்டராயிருந்த முர்கௌஸ்கியை எதிர்த்து ஜோ மில்லர் என்ற வக்கீல் நின்றார். சாமானியரல்ல, ராணுவத்தில் சேவை செய்தவர், யேல் சர்வகலாசாலையில் சட்டம் படித்தவர். அவருக்குப் பின்னால் நின்றது 'டீ பார்ட்டி' இயக்கம். தேநீர் விருந்து என்று பெயரே தவிர, அங்கே பஜ்ஜியும் கிடையாது, சொஜ்ஜியும் கிடையாது. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அந்தச் சம்பவத்தின் ஞாபகமாக வைத்துக்கொண்ட பெயர். வரியைக் குறை, மத்திய சர்க்காரைச் சுருக்கு, இதில் விட்டுக்கொடுப்பவன் துரோகி: இதுதான் அவர்களுடைய மந்திரம்.

முர்கௌஸ்கி என்ன குற்றம் செய்தார்? 2008-ல் பாங்குகளைக் கைதூக்கிவிடும் மசோதாவுக்குச் சம்மதம் தெரிவித்தார். கருச்சிதைவு விஷயத்தில் கண்டிப்பு போதாது. எதிர்க் கட்சியாரோடு சேர்ந்து உட்கார்ந்து காரியம் பார்க்கிறார். ஆகவே சுத்த ரிபப்ளிகன் அல்ல! வோட்டுகளை எண்ணினார்கள். மில்லருக்கு 55,878, முர்கௌஸ்கிக்கு 53,872. இரண்டாயிரத்துச் சொச்சம் வோட்டில் அம்மாள் தோற்றுப் போனார்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டு 31-ஆம் தேதி அவரும் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு ஏன் மனம் மாறினார்? அதற்கு அலாஸ்காவின் குடித்தனத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ளவேண்டும்.

அமெரிக்க ராஜ்யங்களுக்குள் பரப்பளவில் மிகப் பெரியது அலாஸ்கா. ஜனத்தொகையோ 2010 கணக்குப்படி ஏழு லட்சத்துச் சொச்சம். தலைநகரமான ஜுனோவுக்கே மற்ற ஊர்களிலிருந்து ரஸ்தா கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போகவேண்டும். ஆதிகுடிகள் வாழும் கிராமங்கள் பலவற்றின் கதியும் அதுதான். அந்தக் கிராமத்துக் கடைக்கு மாவும் சர்க்கரையும் பால் பவுடரும் எப்படி வருகின்றன தெரியுமா? தபாலில் வருகின்றன! மத்திய சர்க்காரின் தபால் இலாகா, பார்சல் கட்டணத்தில், மளிகைச் சாமான்களைக் கட்டுக் கட்டாக விமானத்தில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. இதற்கு வழி செய்தவர் அந்த ராஜ்யத்தின் பழைய ஸெனட்டரான டெட் ஸ்டீவன்ஸ். அந்த ஏற்பாடு நின்றால் மறுநாள் அடுப்பங்கரையில் தெரிந்துவிடும்.

மத்திய சர்க்கார் பணத்தை நம்பி அலாஸ்கா வாழக் கூடாது என்று மில்லர் முழங்கினார். கொள்கை கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரஸ்தா இல்லாத கிராமத்தில் குழந்தைகளை வைத்துக் கொண்டிருக்கும் தாய்க்கு அதைக் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். ஆதிகுடிகளின் ஸ்தாபனங்கள் முர்கௌஸ்கியை, "நீங்கள் நில்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்று வற்புறுத்தின. செப்டம்பர் 17-ஆம் தேதி அவர் மறுபடியும் களத்தில் இறங்கினார். ஸெனட்டில் தமக்கிருந்த கட்சித் தலைமைப் பதவியையும் ராஜிநாமாச் செய்தார்.

அச்சடித்த பெயர்களில் சேர இனி வழியில்லை. ஆனால் வோட்டுச் சீட்டின் அடியில் ஒரு வெற்றுக் கோடு உண்டு. வோட்டர் அங்கே பக்கத்திலுள்ள சிறு வட்டத்தை நிரப்பி, தமக்கு வேண்டியவரின் பெயரைக் கையால் எழுதலாம். 'முர்கௌஸ்கி' என்ற பெயருக்கு இங்கிலீஷில் ஒன்பது எழுத்து. போலந்து தேசத்து வம்சாவளிப் பெயர், படித்தவர்களே தடுமாறுவார்கள். அதனால் என்ன செய்தார்கள்? நிரப்பிய வட்டமும் பெயரும் அச்சிட்ட ரப்பர் வளையல்களை ஊரெல்லாம் வழங்கினார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவதைப் போல, ஜனங்கள் அந்த வளையலை மாட்டிக்கொண்டு சாவடிக்குப் போனார்கள். டெலிவிஷனில் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். எதிரிகளும் சும்மா இருப்பார்களா? கையால் எழுதும் அபேட்சகர்களின் ஜாபிதாவில் நூறு பேருக்கு மேல் திடீரென்று தங்கள் பெயரையும் பதிவு செய்துவிட்டார்கள், குழப்புவதற்காக!

நவம்பர் 2-ஆம் தேதி தேர்தல் நடந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் படித்தார்கள். எழுத்துப் பிழை இருந்தால் செல்லாது என்று மில்லரின் ஆட்கள் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளுக்கு ஆட்சேபம் கிளப்பினார்கள். வழக்கு அலாஸ்கா சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வோட்டர் யாரை நினைத்தார் என்பதுதான் முக்கியம், எழுத்துப் பிழை அல்ல என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. முடிவான கணக்கு: முர்கௌஸ்கி 1,01,091, மில்லர் 90,839, டெமாக்ரடிக் கட்சியின் ஸ்காட் மக்ஆடம்ஸ் 60,045. ஆட்சேபித்த சீட்டுகளை அடியோடு தள்ளினாலும் அம்மாளுக்குத்தான் ஜயம். கையெழுத்து வோட்டில் ஒருவர் ஸெனட்டுக்குப் போனது 1954-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இனி ஆட்சேபங்களைப் பார்க்கலாம்.

"முதற்கட்டத்தில் தோற்றவர் ஒதுங்கியிருக்க வேண்டாமா? ஒப்புக்கொண்டுவிட்டுத் திரும்பி வருவது என்ன நியாயம்?" என்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். தோற்றவர்களெல்லாம் இப்படிக் கிளம்பினால் கட்சித் தேர்தலுக்கு அர்த்தமே இராது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கட்சியின் டிக்கெட் கட்சிக்காரருக்குச் சொந்தம். மில்லருக்குக் கொடுத்தார்கள், அதை அம்மாள் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஸெனட் ஸ்தானமோ ராஜ்யத்து ஜனங்கள் எல்லோருக்கும் சொந்தம். முதற்கட்டத்தில் அவர்கள் இருவருக்கும் வோட்டளித்தவர்கள் ஒரு லட்சத்துப் பதினாயிரம் பேருக்கும் குறைவு. நவம்பரில் வோட்டளித்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். அலாஸ்கா வோட்டர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்தக் கட்சியிலும் பெயர் பதியாதவர்கள். இவ்வளவு பேருடைய வீட்டுக் கல்யாணத்துக்கு, பந்தலில் முதலில் வந்து உட்கார்ந்த பத்துப் பேர் மாத்திரம் பெண் பார்த்து நிச்சயம் செய்துவிடலாமா? மேலும், கையால் எழுதிப் போடும் வழி சுலபமான குறுக்கு வழியும் அல்ல. ஒரு லட்சம் பேர் சிரமப்பட்டு எழுத்துக் கூட்டி எழுத முன்வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

அந்தக் கதவைத் தட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வருஷத்தில் சாட்சி இருக்கிறது. டெலவேர் ராஜ்யத்தில் மைக் காஸில் என்பவர் கவர்னராயிருந்தவர். எல்லாக் கட்சியாரும் மதித்த நடுநிலைக்காரர். முதற்கட்டத்தில் டீ பார்ட்டியின் கிறிஸ்டீன் ஓடானலிடம் தோற்றார். கையெழுத்து வோட்டுக்கு நிற்பதா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். நவம்பரில் என்ன நடந்தது? டெமாக்ரடிக் கட்சிக்காரர் சுமார் 57 சதவிகித வோட்டு வாங்கி வெகு சுலபமாக ஜயித்தார். மடி கெடாமல் பார்த்துக்கொண்டார்கள், பானையைத்தான் உடைத்துவிட்டார்கள்!

"அவருக்குக் கொள்கை என்று ஒன்றும் கிடையாது" என்பது அடுத்த குற்றச்சாட்டு. 2017 ஜூலையில் ஒபாமாவின் வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்தைக் கிழித்துப் போட அவர் கட்சி முனைந்தபோது, 'மாட்டேன்' என்ற மூன்றே ரிபப்ளிகன்களில் அவர் ஒருவர். 2021-ல் டிரம்ப் மீதான குற்ற விசாரணையில் குற்றவாளி என்று வோட்டளித்தார். அதற்காக ராஜ்யக் கட்சி அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. சௌகரியத்துக்காகப் போட்ட வோட்டுகளா இவை?

எனக்குப் பிடித்த சம்பவம் 2018-ல் நடந்தது. பிரெட் காவனா என்பவரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக்கும் பிரேரணை. ரிபப்ளிகன் கட்சியில் அவரை எதிர்த்தவர் முர்கௌஸ்கி ஒருவர்தான். அதே நாளில் சக ஸெனட்டர் ஸ்டீவ் டேன்ஸ் மகளுக்குக் கல்யாணம். அவர் காவனாவை ஆதரிப்பவர். அவர் கல்யாணத்தை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாமே என்று, முர்கௌஸ்கி தமது எதிர் வோட்டைப் போடாமல் 'ஆஜர்' என்று மாத்திரம் பதிவு செய்தார். வந்திருந்தால் இருவர் வோட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும்; ஆகையால் முடிவு மாறவில்லை. தம் எண்ணத்தை எல்லோருக்கும் தெரியச் சொன்னார். எதிர் எண்ணமுள்ளவர் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போகவும் வழிவிட்டார். இந்தப் பண்பு எந்தக் கட்சியின் கொள்கை ஏட்டிலும் எழுதியிருக்காது.

அம்மாளிடம் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அவரை 2002-ல் முதன்முதலாக ஸெனட்டுக்கு நியமித்தது, கவர்னராகப் போன அவருடைய தகப்பனார்தான். பெற்ற மகளுக்கே பதவியா என்று ஜனங்கள் கோபப்பட்டது நியாயம். 2025 ஜூலையில் டிரம்ப் சர்க்காரின் பெரிய வரவு செலவு மசோதா, உப ஜனாதிபதியின் வோட்டோடு, 51-க்கு 50 என்ற கணக்கில் நிறைவேறியது. முர்கௌஸ்கி அலாஸ்காவுக்குச் சில சலுகைகளைப் பேசி வாங்கிக்கொண்டு அதை ஆதரித்தார். அவருக்கே அந்த மசோதா பிடிக்கவில்லை. ஏழைகளின் வைத்திய உதவியைக் குறைக்கும் மசோதாவுக்குப் போய்ச் சம்மதித்தாரே என்று இந்தத் தடவை இடதுசாரி மடிசஞ்சிகளுக்குக் கோபம். எனக்கும் அந்த வோட்டு ரசிக்கவில்லை. நடுவழியில் நடப்பவர்கள் பேரத்தில் ஏமாறுவதும் உண்டு. அதற்குக் கணக்குக் கேட்க வேண்டியவர்கள் அவரை எழுத்துக் கூட்டி அனுப்பிய அந்த ஜனங்கள்.

அந்த ஜனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். 2020-ல் தேர்தல் முறையையே மாற்றினார்கள். இப்போது முதற்கட்டத்தில் எல்லாக் கட்சி அபேட்சகர்களும் ஒரே பட்டியலில் நிற்க, யார் வேண்டுமானாலும் வோட்டளிக்கலாம். முதல் நால்வர் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அங்கே வோட்டர், முதல் விருப்பம் இவர், இல்லாவிட்டால் அவர் என்று வரிசை போடலாம். ஜவுளிக் கடையில் நாம் சொல்வதில்லையா, "அரக்கு இருந்தால் கொடு, இல்லையென்றால் மயில்கழுத்து" என்று? அதே முறைதான். 2022-ல் டிரம்பின் ஆதரவு பெற்ற கெல்லி ஷிபாக்காவுக்கும் முர்கௌஸ்கிக்கும் முதல் விருப்ப வோட்டில் ஒரு சதவிகிதங்கூட வித்தியாசமில்லை. டெமாக்ரடிக் வோட்டர்களின் இரண்டாம் விருப்பம் வந்து சேர்ந்ததும் அம்மாள் சுமார் 54 சதவிகிதத்தோடு ஜயித்தார். 2024-ல் இந்த முறையை ரத்துச் செய்ய நடந்த முயற்சியும் சில நூறு வோட்டு வித்தியாசத்தில் தோற்றது.

மடிசஞ்சிகள் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் கட்சிகளுக்குக் கொள்கையே மறந்து போகும். பாட்டி பூஜை அறையில் இருக்கட்டும். அவர் சொல்வதைக் காதில் போட்டுக் கொள்வோம். சமையலறைக்குள் யார் நுழையலாம் என்பதை மாத்திரம், அந்தச் சமையலைச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டு தீர்மானிக்கலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?