மழை யார் கணக்கில்?

அறிவியல் புனைகதையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பட்டியல் தவறாமல் வந்துவிடும்: நீர்மூழ்கிக் கப்பலை முன்பே சொன்னவர் யார், செயற்கைக்கோளை ஊகித்தவர் யார், கைப்பேசி எந்தத் தொடரில் முதலில் தலைகாட்டியது. ஜோசியருக்குப் போட வேண்டிய மதிப்பெண்ணை எழுத்தாளருக்குப் போடுகிறோம். கருவி என்றைக்காவது வந்துவிடும். அது யார் கையில் இருக்க வேண்டும், காரியம் கெட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது என்ற தகராறுதான் தீராமல் நிற்கும். நல்ல கதைகள் அந்தத் தகராறை முன்கூட்டியே நடத்திப் பார்க்கின்றன. வானிலையை வசப்படுத்தும் கதைகளில் இது பளிச்சென்று தெரிகிறது.

1905-ல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸீன்’ இதழில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை வந்தது. ஆங்கிலத்தில் எழுதியவர் வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹொசைன். பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்காகவே கதையைக் கொண்டாடுகிறோம். அதன் நடுவில் இருக்கும் பொறியியலை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்கே இரண்டு பெண்கள் பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்துக்கு மேலே ஒரு பலூனை நிறுத்தி, குழாய் வழியாக வேண்டிய நீரை இறக்கிக்கொள்கிறது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மற்றொன்று, சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறது. (லட்சிய நாட்டிலும் ஆராய்ச்சிக்கு உந்துதல் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மீதான பொறாமைதான். ரொக்கேயாவுக்குக் கல்வி நிறுவனங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.) பிறகு போர் வருகிறது. சமையலுக்குச் சேமித்த அதே வெப்பத்தைக் குவித்து எதிரிப் படையைப் பொசுக்கி விரட்டுகிறார்கள். அமைதியும் கருணையும் நிறைந்த நாட்டிலும், வானத்திலிருந்து இறக்கிய ஆற்றல் ஆயுதமாக அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பலூன் உறிஞ்சிய மேகம் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று மட்டும் கதையில் யாரும் கேட்பதில்லை.

அதற்கும் முன்பு, 1896-ல், ஜகதீஷ் சந்திர போஸ் வங்க மொழியில் ஒரு கதை எழுதினார். கூந்தல் தைலம் தயாரித்த ஒருவர் நடத்திய போட்டிக்கு எழுதியது. கல்கத்தாவைத் தாக்க வேண்டிய புயல் திடீரென்று காணாமல் போகிறது, விஞ்ஞானிகள் திகைக்கிறார்கள். இலங்கைக்குக் கப்பலில் போன வழுக்கைத் தலைப் பயணி ஒருவர் ஒரு புட்டி தைலத்தைக் கடலில் ஊற்றியதுதான் காரணம். கிண்டல் கதைதான். ஆனால், கடல்மேல் மெல்லிய படலம் பரப்பி நீர் ஆவியாவதைத் தடுத்தால் புயல் வலுவிழக்குமா என்று பிற்காலத்தில் விஞ்ஞானிகள் உண்மையாகவே ஆராய்ந்தார்கள். அலையடிக்கும் கடலில் படலம் கிழிந்துபோனது. போஸ் சிரித்துக்கொண்டே விட்ட இடத்திலேயே அறிவியலும் நின்றது.

செயற்கை மழை ஆய்வகத்திலிருந்து வெளியே வந்த ஆண்டு 1946. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியைத் தூவி மேகத்தைப் பனியாக்கினார். சில மாதங்களில் அவருடைய சக ஆய்வாளர் பெர்னார்ட் வானகட், சில்வர் அயோடைடும் அந்த வேலையைச் செய்யும் என்று கண்டார். மேகத்துளிகள் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே போனாலும் எளிதில் உறைவதில்லை. உறைய ஒரு முன்மாதிரி வேண்டும். சில்வர் அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்திருப்பதால் துளிகள் அதைப் பற்றிக்கொண்டு உறைகின்றன. இப்படித் தூவுவதைத்தான் மேகத்தை விதைப்பது என்கிறார்கள்.

பெர்னார்டின் தம்பி கர்ட் வானகட் 1947-லிருந்து அதே நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். ‘கேட்ஸ் கிரேடில்’ என்ற அவருடைய நாவல் 1963-ல் வந்தது. அதில் வரும் ‘ஐஸ்-நைன்’, தன்னைத் தொடும் நீரையெல்லாம் சாதாரண வெப்பநிலையிலேயே உறையவைக்கும். அண்ணனுடைய கண்டுபிடிப்பின் தர்க்கத்தைத் தம்பி ஒரு படி நீட்டினார், அவ்வளவுதான். அந்தப் பொருளைச் செய்த விஞ்ஞானி கொடியவரல்ல. விளைவைப் பற்றி அக்கறையே இல்லாதவர். அவர் இறந்ததும் பிள்ளைகள் மூவரும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மகள் தன் பங்கைக் கொண்டு ஒரு கணவனைப் பெறுகிறாள். ஒரு மகன் பதவி பெறுகிறான். கடைசியில் உலகம் உறைவது ஒரு விமான விபத்தால். தண்டிக்க வில்லன் யாரும் அகப்படவில்லை.

இந்த நாவலுக்கு ஒரு கசப்பான பின்குறிப்பை வரலாறு எழுதியது. கதையில் ஐஸ்-நைனைக் கேட்பவர் ஒரு ராணுவத் தளபதி. தன் வீரர்கள் சேற்றில் சிக்கக் கூடாதென்று கேட்கிறார். நிஜத்தில், வியட்நாம் போரின்போது, 1967 முதல் 1972 வரை அமெரிக்க ராணுவம் ஹோ சி மின் பாதையின் மேல் ரகசியமாக மேகங்களை விதைத்தது. எதிரியின் லாரிகள் சேற்றில் சிக்க வேண்டும் என்பதற்காக! விஷயம் வெளியே வந்து, 1977-ல் சுற்றுச்சூழலைப் போர்க்கருவியாக்குவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை உருவானது. அது பகைமை நோக்கத்தை மட்டுமே தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்து அடுத்த நாட்டைக் கெடுத்தால் என்ன செய்வதென்று அதில் இல்லை.

நல்லெண்ணத்தின் கதை 1947-லேயே நடந்திருக்கிறது. அந்த அக்டோபரில், ஃபுளோரிடாவைக் கடந்து கடலுக்குள் போய்விட்ட ஒரு புயலை அடக்கிப் பார்க்க, அதில் உலர்பனியைக் கொட்டினார்கள். புயல் திரும்பி வந்து ஜார்ஜியாவின் சவான்னாவைத் தாக்கியது. மக்கள் கொதித்தார்கள், வழக்குப் பேச்சு எழுந்தது. விதைப்பதற்கு முன்பே புயல் திரும்பத் தொடங்கிவிட்டது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது உண்மைதான். ஆனாலும் வீட்டுக் கூரையைப் பறிகொடுத்தவரிடம் அந்த விளக்கம் எடுபடுமா?

நம்முடைய கூத்திலும் நாடகத்திலும் ராஜா வந்து உட்கார்ந்ததும் மந்திரியிடம் கேட்கும் முதல் கேள்வி, மாதம் மும்மாரி பெய்கிறதா என்பது. மழை ஆட்சியின் கணக்கில் இருந்தது. பொய்த்தால் பழி கொற்றவனுக்கு. நவீன வானிலையியல் அரசர்களை அந்தப் பழியிலிருந்து விடுவித்தது. மழைக்குக் காரணம் காற்றழுத்தம், கோல் கோணியது அல்ல. மேகத்தை விதைக்கப் புறப்படும் அரசு அந்தப் பழைய பொறுப்பை மறுபடி தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றிக்கொண்டது அதற்குத் தெரியாமலிருப்பதுதான் வேடிக்கை.

1980-களின் வறட்சியில் தமிழக அரசு இந்த முறையை முயன்றது. 2003-ல் கர்நாடகம் முயன்றது. 2025 அக்டோபரில் காற்று மாசைக் கழுவ டெல்லி அரசு ஐஐடி கான்பூரோடு சேர்ந்து விமானத்தை அனுப்பியது. மேகத்தில் ஈரமில்லை, சொல்லும்படி மழையும் இல்லை. இல்லாத மழையை எந்த ரசாயனத்தாலும் வரவழைக்க முடியாது. மேகம் தகுதியாக இருந்தால் ஓரளவு பலன் உண்டு: சோலாப்பூர் பகுதியில் புணே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நடத்திய பரிசோதனையில் மழை சுமார் 18 விழுக்காடு கூடியதாகக் கணக்கிட்டார்கள். இது பல மேகங்களை ஒப்பிட்டு எடுத்த சராசரி. குறிப்பிட்ட ஒரு மேகம் விதைக்காவிட்டால் எவ்வளவு பெய்திருக்கும் என்பதை இந்த எண் சொல்லாது. நீதிமன்றம் கேட்கப்போவதோ அந்த ஒரு மேகத்தைப் பற்றித்தான்.

இன்றைக்குப் பேச்சு மேகத்தைத் தாண்டி அடுக்கு மண்டலத்துக்குப் போய்விட்டது. 1991-ல் பினாட்டுபோ எரிமலை அந்த உயரத்துக்குக் கக்கிய கந்தகம் பூமியை ஏறத்தாழ அரை டிகிரி குளிர்வித்தது. கிம் ஸ்டான்லி ராபின்சன் 2020-ல் எழுதிய ‘மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்’ நாவலில், உத்தரப் பிரதேச வெப்ப அலையில் கோடிக்கணக்கில் மக்கள் மடிய, இந்தியா யார் அனுமதிக்கும் காத்திராமல் அதே வித்தையை விமானங்களால் செய்கிறது. அந்தத் தொடக்க அத்தியாயத்தைப் படித்தவர்கள் இந்தியாவைக் குறைசொல்ல மாட்டார்கள். நாவலின் வலிமை அது. ஆனால், பினாட்டுபோவுக்கு அடுத்த ஆண்டில் உலகின் நிலப்பரப்பில் மழை குறைந்தது. யாருடைய பருவமழை தப்பியது என்ற கணக்கில் ராபின்சன் போதிய நேரம் நிற்காமல் அடுத்த திட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறார் என்பது என் மனக்குறை. மெக்சிகோவில் ஓர் அமெரிக்கச் சிறு நிறுவனம் கந்தக டையாக்சைடு அடைத்த பலூன்களைக் கேட்காமல் பறக்கவிட, 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு இத்தகைய சோதனைகளுக்குத் தடை அறிவித்தது. நாடுகள் ஆலோசித்து முடிக்கும்வரை பலூன்காரர்கள் காத்திருக்கவில்லை.

தமிழில் சுஜாதா முதல் இன்றுவரை இயந்திர மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. ‘வானம் பார்த்த பூமி’ என்ற தொடர் உள்ள மொழியில், நான் வாசித்த அளவில், மழைத் தகராறு மட்டும் அறிவியல் கதையாகவில்லை. இப்படி ஒரு கதையை நினைத்துப் பாருங்கள்: குடகு மலைமேல் ஒரு விமானம் பறக்கிறது. அங்கே மழை கூடுகிறது. காற்று போகும் திசையில், அடுத்த மாவட்டத்தில், வந்திருக்க வேண்டிய மழை வரவில்லை என்று ஒரு விவசாயி மனு போடுகிறார். மண்ணில் விழுந்த நீரைப் பங்கு போட நடுவர் மன்றமும் ஆணையமும் உண்டு. விழாத நீருக்கு எதுவும் இல்லை. அரசு வழக்கறிஞர் பதினெட்டு விழுக்காட்டைக் காட்டுகிறார்; மனுதாரர் தன் வயலைக் காட்டுகிறார். இந்தக் கதையை எழுத ராக்கெட் அறிவு வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த எழுத்தாளர் ஒருவர் போதும்.