சாட்டி மணலுக்கு எத்தனை அங்குலம்?

வேலணையில் ஓடும் ஜிம்னி ஜீப்பை உயர்த்த நினைத்தால் 2 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம் என்பதே என் கட்சி. கார்த்திகை மழையில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளும் சாட்டிக் கடற்கரை மணலும்தானே இங்கே சோதனை, மலையா ஏறப்போகிறோம்? ஸ்பிறிங்கை மாற்றினால் சேசிஸ் உயரும். பொடிக்கும் சேசிஸுக்கும் நடுவே கட்டை வைத்தால் பொடி மட்டும் உயரும். அச்சோடு கீழே தொங்கும் டிபரன்சல் இரண்டிலும் இம்மியும் எழும்பாது. அதை எழுப்புவது ரயர் ஒன்றுதான். அதுவும் விட்டம் 2 அங்குலம் கூடினால் 1 அங்குலமே கிடைக்கும். இந்தத் தூக்கலெல்லாம் பெரும்பாலும் பெரிய ரயருக்கு இடம் விடத்தான். தனிச் சேசிஸ் இல்லாத ரைஸ் போன்ற வண்டிகளில் பொடியைத் தூக்கும் பேச்சுக்கே இடமில்லை, கராஜில் எவ்வளவு ஆசை காட்டினாலும். மணலுக்கு ரயர்க் காற்றைக் குறைப்பதே பாதி வேலையை முடித்துவிடும், செலவுமில்லை. மிஞ்சும் காசை அடிப்பாகத்துத் துருக்காப்புக்குப் போடலாம். கடல்நீர் பட்ட வண்டியை நன்னீரில் கழுவ வேண்டும். தீவகத்தில் நன்னீருக்கே தட்டுப்பாடு என்பது வேறு கதை. ஸ்பிறிங் மாற்றுபவர்கள் பிறேக் குழாயின் நீளத்தையும், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பனார்ட் தண்டையும் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. முன்விளக்கையும் தாழ்த்துங்கள், இரவில் பண்ணைப் பாலத்தில் எதிரே வருபவருக்கு இருபுறமும் கடல்.