பூங்காவில் சோலைக்கும் ஓர் இடம்

உதகமண்டலத்துக்குச் செல்வோர் அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவைக் காணாமல் திரும்புவது அரிது. மே மாத மலர்க் கண்காட்சியின்போது அங்கே மலர்களைவிட மனிதத் தலைகளே மிகுதியாகத் தென்படும். ஆயினும், அப்பூங்கா எதற்காகத் தோன்றியது என்று வினவுவோர் சிலரே.

தொட்டபெட்டாவின் அடிச்சரிவில், ஏறத்தாழ 55 ஏக்கர் பரப்பில் அது அமைந்துள்ளது. 1848ஆம் ஆண்டு அதனை உருவாக்கும் பணியை ஏற்றவர், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த வில்லியம் கிரகாம் மக்ஐவர். குளிர்நாட்டுச் செடிகள் நம் மலைகளில் வளருமா எனச் சோதிப்பதே அன்றைய பூங்காக்களின் தலையாய வேலை. மலேரியாவுக்கு மருந்தான குயினைனைத் தரும் சின்கோனா மரத்தை நீலகிரியில் வளர்த்துக் காட்டியவரும் அவரே.

அச்சோதனை ஆர்வத்திற்கு மறுபக்கமும் உண்டு. அதே நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட கற்பூர மரமும் சீகை மரமும் பூங்காக்களுக்குள் அடங்கிவிடவில்லை. பரந்த புல்வெளிகளை மூடிவிட்டன. நீலகிரியின் உச்சிப்பகுதி முழுவதும் ஒருகாலத்தில் காடாக இருந்ததில்லை. சரிவுகளில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையும் மாறிமாறி அமைந்திருந்தன. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளில் கசியவிடுவது இவ்விரண்டின் கூட்டு வேலை. அந்நீர் பவானிக்கும் அதன்வழிக் காவிரிக்கும் செல்கிறது. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அப்புல்வெளிகளில்தான்.

ஆகவே, பூங்காவின் நடுவிடத்தில் சோலைக்கும் புல்வெளிக்கும் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. சிவந்து பூக்கும் காட்டுப் பூவரசும் காட்டுச் செண்பகமும் தத்தம் தமிழ்ப்பெயர்ப் பலகையோடு அங்கே நிற்கட்டும். பூங்கா கண்ணுக்கு விருந்தளித்தால் போதும், பாடம் நடத்துவது பள்ளியின் வேலை என்பர் சிலர். கண்ணுக்கு விருந்து போதுமெனில், தாவரவியல் என்னும் சொல் அதன் பெயரில் எதற்கு? அதற்காக, நூறாண்டு கடந்த அயல்நாட்டு மரங்களை வெட்டச் சொல்லவில்லை, அவையும் வரலாறே.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். கண்காட்சிக்கு ஏற்ப மே மாதத்தில் அது மலராது, மழைக்காலத்திலேயே மலரும். அதற்கென ஒரு சரிவை இப்போதே ஒதுக்கலாம்.