வேகமாகப் போவது பெரிசா? மெதுவாகப் போய்க் காட்டச் சொல்லுங்கள்!

155 குதிரைசக்தி. மணிக்கு 250 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் வேகம். ஒரு நல்ல காரே வாங்கிவிடலாம் என்கிற விலை. ஆனால் சிக்னலில் கிளம்பி முப்பதில் உருட்டச் சொன்னால் மட்டும் விக்கல் எடுத்த மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும்!

பெரிய ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கும் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "ரேஸ் வண்டின்னா அப்படித்தான் மச்சி, பழகிக்கோ." அப்படித்தான் இருக்க வேண்டுமா என்ன? இல்லை என்பதற்கு ஆஸ்திரியாவில் பிறந்த ஒரு வண்டியே சாட்சி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் இது ஏன் வருகிறது?

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்வதும் இந்த விகிதத்தை ஒட்டித்தான். அதனால் மெதுவாக ஒரே சீராகப் போகும்போது, சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டு, இசியூ கலவையை அங்கேயே பிடித்து வைக்கிறது. ஆனால் பெரிய இன்ஜின் அந்த நிலையில் சொகுசாக ஓட, கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கேட்கும்.

இன்னொரு காரணம், உச்ச வேகத்துக்காகவே செய்த கேம் ஷாஃப்ட். இன்டேக் வால்வும் எக்சாஸ்ட் வால்வும் ஒரே சமயத்தில் அதிக நேரம் திறந்திருக்கும். பத்தாயிரம் ஆர்பிஎம்மில் அது வரம். இரண்டாயிரத்தில் சாபம்! எரிந்த புகையே திரும்ப உள்ளே வந்து புதுக் கலவையைக் கெடுக்கும். ஒரு தடவை நன்றாக எரியும், அடுத்த தடவை அரைகுறையாக எரியும். கூடவே, ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் அடியோடு நிற்கும், திறந்தால் சட்டென்று வரும். அந்த 'சட்டென்று' தான் நாம் உணரும் வெட்டு.

இது வெறும் சொகுசுப் பிரச்சினை இல்லை நண்பர்களே. மழை ஈரத்தில், வண்டியைச் சாய்த்து யூ-டர்ன் எடுக்கும்போது இந்த வெட்டு வந்தால் பின்சக்கரம் வழுக்கும். ஆள் கீழே!

சரி, தீர்வு? இங்கேதான் நம் ஆட்கள் தலைகீழாகப் போகிறார்கள். முதல் வேலையாக பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்குவார்கள். பவர் கமாண்டர் மாதிரி, இசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. பெட்டி கெட்டது இல்லை. ஆனால் அது கடைசியில் வர வேண்டியது.

முதலில் காசே ஆகாத வேலைகள். செயின் தொளதொளவென்று இருக்கிறதா? அப்படியென்றால் சின்ன வெட்டும் பெரிய அடியாகத்தான் வந்து விழும். கேபிள் வைத்த வண்டியென்றால், ஆக்சிலேட்டர் பிடி வெறுமனே எவ்வளவு சுற்றுகிறது? இரண்டையும் வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தாலே பாதி நோய் போன மாதிரி இருக்கும்.

அடுத்து ஏர் ஃபில்டர், பிளக், இன்டேக் ரப்பர். ரப்பரில் ஒரு சின்ன விரிசல் போதும், கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவையைக் கெடுத்துவிடும். அதற்குப் பிறகு வால்வு கிளியரன்ஸ். அது சரியான பிறகுதான் த்ராட்டில் பாடி சின்க்ரனைஸ். இந்த வரிசை முக்கியம்! வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று இழுக்க, மற்றது பின்தங்கினால் வண்டி எப்படிப் போகும்? ஒரு சிலிண்டர் அதிகக் காற்றும் இன்னொன்று குறைவான காற்றும் இழுத்தால் இன்ஜினும் அப்படித்தான். வேக்குவம் கேஜ் வைத்திருக்கும் நல்ல மெக்கானிக் சரி செய்துவிடுவார். த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லலாம்.

இத்தனையும் முடிந்து இன்னும் வெட்டினால், கம்பெனியே இசியூவுக்குப் புது மேப் விட்டிருக்கிறதா என்று ஷோரூமில் கேட்க வேண்டும். அதற்கும் பிறகுதான் பெட்டி, அதுவும் டைனோவில் அளந்து பார்த்து. கோளாறை வைத்துக்கொண்டே பெட்டி மாட்டுவது, ஒழுகும் பானையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இதில் யாரும் பேசாத ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டி கூடுதல் பெட்ரோலை ஊற்றினால், ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து இசியூ திரும்பக் குறைத்துவிடும். அதனால் சென்சாரையே கழற்றி விடுகிறார்கள். சிலர் கன்வர்ட்டரையும் கழற்றிவிடுகிறார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும், உண்மைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடு கூடும். பொருளாதார வகுப்பில் படிப்போமே, லாபம் ஒருவருக்கு, செலவு ஊருக்கு என்று... அதேதான் இது. பின்னால் ஸ்கூட்டரில் வரும் அம்மாவும் குழந்தையும்தான் பில் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. புகை அளவைக் கூட்டும் டியூனர் கருவிகளை விற்றதாக எழுந்த குற்றச்சாட்டில், 2016-இல் ஹார்லி டேவிட்சன் 1.2 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

இப்போது அந்த சாட்சி. கேடிஎம் 2008-இல் ஆர்சி8 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. வி-ட்வின், 1148 சிசி. முதலில் சொன்ன 155 குதிரைசக்தி இதனுடையதுதான். 103 மில்லிமீட்டர் அகல பிஸ்டன். ஓட்டிப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள், ஆனால் மெதுவாகப் போகும்போது முரண்டு பிடிக்கிறது என்ற புகாரும் கூடவே வந்தது. 2011-இல் ஆர்சி8 ஆர் மாடலில் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தது. அகலமான பிஸ்டன் தலையில் நெருப்பு சீக்கிரம் பரவ வேண்டுமே! ஃப்ளைவீலின் எடையைக் கூட்டியது. மேப்பையும் மாற்றியது. வண்டி கீழ் வேகத்தில் சாதுவானது. சரி, சக்தி குறைந்ததா? 170-இல் இருந்து 175 ஆனது!

ஆக, "சக்தி வேண்டுமென்றால் வெட்டைத் தாங்கு" என்பது சும்மா கதை. முடியாமல் இல்லை, முதலிலேயே செய்யவில்லை, அவ்வளவுதான். இத்தனை லட்சம் கொடுத்து வாங்குபவனிடம் குறையை 'கேரக்டர்' என்று சொல்லி விற்பதும், அவனே காசு போட்டுச் சரி செய்துகொள்ளட்டும் என்று விடுவதும் நியாயமே இல்லை.

அடுத்த முறை யாராவது தன் வண்டியின் டாப் ஸ்பீடைப் பெருமையாகச் சொன்னால், "சரிங்க, இருபதில் ஒரு யூ-டர்ன் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள் :)